சம்பளமும் சமயமும்: நீர்வேலி வீதியோரத்து வரலாறு

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே செல்வோர் கோப்பாயைக் கடந்ததும் நீர்வேலியை அடைவர். நீர்வேலிக்கு அப்பால் சிறுப்பிட்டி, அதனையடுத்துப் புத்தூர். செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும் நிறைந்த எங்கள் ஊரை வெளியூரவர் பெரும்பாலும் வாழைக்குலைக்காகவே அறிவர். ஆனால், ஒருவர் உத்தியோகம் பெறுவதற்கு எந்தச் சமயத்தவராக இருக்க வேண்டும் என்ற வினாவும் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குறுகிய வீதியோரத்தில் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. கேட்டவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். வினா மாறவில்லை. அதனைப் பற்றியே இக்கட்டுரை.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களோடு வந்த பால்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் குடாநாட்டின் கோவிற்பற்றுக்களை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். நீர்வேலிக்கு ஒருபுறம் கோப்பாயும் மறுபுறம் புத்தூரும் அப்பட்டியலில் உள்ளன. ஒவ்வொரு கோவிற்பற்றிலும் ஒரு பாடசாலை இருந்தது. அங்கிருந்த உபாத்தியாயர் வெறும் ஆசிரியர் அல்லர். ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதியும் தோம்பு அவர் கையில் இருந்தது. பெயர் பதியப்படாதவருக்கு விவாகமும் முதுசமும் சட்டத்தின் முன் சிக்கலாயின. அரசாங்க உத்தியோகம் வேண்டுவோர் புரட்டஸ்தாந்து சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். சைவர்களுக்கு மட்டுமன்றி, கத்தோலிக்கருக்கும் இந்தக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. கத்தோலிக்கக் குருமார் தலைமறைவாகத் திரிந்த காலம் அது.

இதன் விளைவு யாவரும் அறிந்ததே. காலையில் கோவிற்பற்றுத் தோம்பில் பெயர் எழுதுவித்து, மாலையில் வீட்டுக்குள் விளக்கேற்றி வழிபட்ட தலைமுறைகள் தோன்றின. ஒல்லாந்தரின் கணக்கேடுகளில் கிறிஸ்தவர்கள் பல்லாயிரவராக இருந்தனர். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அந்தத் தொகை கரைந்து போயிற்று. உத்தியோகத்துக்காகப் பெறப்பட்ட விசுவாசம் உத்தியோக நிபந்தனை நீங்கியதும் தானும் நீங்கிற்று. இதனைச் சொல்லி எம்மவரின் சாதுரியத்தை மெச்சுவோர் உண்டு. எனக்கு அது பெருமைக்குரிய செய்தியாகத் தோன்றுவதில்லை. பிள்ளைகளின் சோற்றுக்காகத் தன் மனத்துக்கு ஒவ்வாத ஒன்றைச் சபை முன் சத்தியம் செய்யும் நிலைக்கு ஒரு மனிதன் தள்ளப்படுவது அவமானம். அந்த அவமானம் தள்ளியவருக்கே உரியது.

ஆங்கிலேயர் 1799இல் மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தனர். 1806இல் தேசாதிபதி மெயிற்லண்டின் காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் ஒழுங்குவிதி மூலம் நீக்கப்பட்டன. இங்கிலாந்திலே கத்தோலிக்கருக்கு அத்தகைய விடுதலை 1829இலேதான் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. உத்தியோகத்தையும் சமயத்தையும் பிரித்துவைக்கும் சட்ட எண்ணம் எங்கள் தீவிலே, ஆண்ட நாட்டுக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முன்னதாகவே எழுதப்பட்டது. ஆயினும் எழுதப்பட்ட சட்டம் அரசாங்கத்தை மட்டுமே கட்டிற்று. அடுத்த நூற்றாண்டில் உத்தியோகம் வழங்கியவர்களோ பெரும்பாலும் மிஷன்மார்.

1814இல் வெஸ்லியன் மிஷன், 1816இல் அமெரிக்க மிஷன், 1818இல் சேர்ச் மிஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை குடாநாட்டில் கால் பதித்தன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. அவை தந்த கல்வியின் பெறுமதியை நான் குறைத்துக் கூறேன். அச்சுக்கூடம், மருத்துவம், பெண்கல்வி, பத்திரிகை ஆகிய எல்லாவற்றிலும் அவற்றின் கை உண்டு. பத்திரிகையாளனாகிய நானும் அந்த அச்சுக்கூட மரபின் வாரிசுகளுள் ஒருவனே. ஆனால் படிப்பு முடிந்து உபாத்தியாயர் வேலை கேட்டு வருபவரிடம் பழைய வினா புதிய உடையில் கேட்கப்பட்டது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழ்ப் பெயரின் முன்னே பிறநாட்டுப் பெயர் ஒட்டிக்கொண்ட அறிஞர் வரிசை அக்காலத்துக்கே உரியது.

எங்கள் அயலூரான சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவர். வட்டுக்கோட்டையில் கற்றவர். கோப்பாயில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தவர். பின்னர் சென்னை சென்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மற்றவர் மேலே சொன்ன கறல் விசுவநாதபிள்ளை. மிஷன் ஊழியத்தை விட்டு அரசாங்கக் கல்லூரியிலும் கணக்குத் திணைக்களத்திலும் பணியாற்றிய தாமோதரம்பிள்ளை வெளிப்படையாகச் சைவரானார். விசுவநாதபிள்ளையும் சைவத்துக்குத் திரும்பினார். அழியும் நிலையிலிருந்த தமிழ் ஏடுகளை ஏராளமாகத் தேடி அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவரானார். பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரோடு குருவானவராகி, சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த இருவருள் ஒருவராக 1921இல் நூல் வெளியிட்டார். தந்தை ஒரு திசை, மகன் மறு திசை. இருவரும் தமிழுக்கு உழைத்தவர்கள். மனச்சாட்சி எந்தத் திசையிலும் நடக்கும். அதனோடு சம்பளத்தை முடிச்சுப் போடும்போதே தீமை பிறக்கிறது என்பதற்கு இந்தக் குடும்பத்தைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஆறுமுக நாவலரையும் குறிப்பிட வேண்டும். நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் கீழ் ஆசிரியராக இருந்தார். விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை புரிந்தார். அந்த ஊழியத்தில் இருந்துகொண்டே 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். பேர்சிவல் அவரை விலக்கவில்லை. 1848இல் நாவலர் தாமாகவே விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரியாரின் பெருந்தன்மையை இதில் நாம் காணலாம். ஆனால் நாவலரின் தமிழ் இல்லாமல் மொழிபெயர்ப்பு நடவாது என்ற நிலைமையையும் காண வேண்டும். ஈடில்லாப் புலமை உடையவனின் மனச்சாட்சிக்கு எசமானர் எவரும் இடம் கொடுப்பர். இருபது பேர் காத்திருக்கும் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும் சாதாரண உபாத்தியாயருக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. சட்டம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

நாவலரின் பாடசாலைக்கு அரசாங்க உதவி நன்கொடை 1870இலேதான், அதாவது தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்னரே கிடைத்தது. அதுவரை நன்கொடையின் பெரும்பகுதி மிஷன் பாடசாலைகளுக்கே சென்றது. ஏற்கெனவே ஒரு பாடசாலை இருக்கும் இடத்துக்கு அண்மையில் புதிய பாடசாலைக்கு நன்கொடை இல்லை என்ற தூர விதியும் பின்னர் வந்து சேர, முன்னரே நிலைபெற்ற மிஷன்மாருக்கு அதுவும் வாய்ப்பாயிற்று. நீர்வேலியில் வாழ்ந்த சங்கர பண்டிதர் போன்றோர் கிறிஸ்தவ மறுப்பு நூல்களை எழுதியதன் பின்னணி இதுவே. அந்நூல்களின் சூடு இன்று நமக்குச் சங்கடம் தரலாம். வாதம் நூலில் இருந்தாலும் வழக்கு வயிற்றில் இருந்தது என்பதை உணர்ந்தால் அந்தச் சூடு விளங்கும்.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் மனச்சாட்சிப் பிரிவு எனப்படும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. பெற்றோர் விரும்பாத சமய போதனையிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள அது வழி செய்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதலானோர் இதற்காக வாதாடியவர்கள். 1939ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இப்பாதுகாப்பை மேலும் இறுக்கிற்று. மிக நல்ல ஏற்பாடு. ஆனால், வாசகர்கள் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும்: அது பிள்ளையின் மனச்சாட்சியைக் காத்தது, அந்தப் பிள்ளைக்கு முன் நின்று கற்பித்த ஆசிரியரின் மனச்சாட்சி அதில் இடம்பெறவில்லை. நியமிப்பதும் மாற்றுவதும் விலக்குவதும் முகாமையாளரின் அதிகாரமாகவே இருந்தன. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், அரசுப் பாடசாலை ஆசிரியர் எவரும் தம் சமயக் கருத்துக் காரணமாகத் தகுதியிழக்கக் கூடாது என்று தனிப்பிரிவே எழுதிற்று. நமது சட்டப் புத்தகத்தில் அதற்கு இணையான வரி அன்று எழுதப்படவில்லை.

சைவர்கள் தேடிய பரிகாரம் வேறு. 1923இல் சு. இராசரத்தினம் முன்னின்று சைவ வித்தியா விருத்திச் சங்கத்தைத் தொடங்கினார். ஊர்தோறும் சைவப் பாடசாலைகள் எழுந்தன. திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலை உருவாயிற்று. நெற்றியில் நீறணிந்து வகுப்புக்குள் செல்லக்கூடிய வேலை பல நூறு இளைஞர்களுக்குக் கிடைத்தது. எங்கள் ஊரின் அத்தியார் இந்துக் கல்லூரியும் அந்த எழுச்சிக் காலத்தின் மரபில் வந்ததே. இதனால் பயன்பெற்ற தலைமுறையின் பிள்ளைகளாகிய நாம் அதனை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

எனினும் வரலாறு எழுதுபவன் நன்றியோடு நின்றுவிட முடியாது. அந்த ஏற்பாடு வினாவை ஒழிக்கவில்லை. அதே வினாவைக் கேட்கும் இரண்டாவது வாசலைத் திறந்தது. மிஷன் பாடசாலையில் கிறிஸ்தவர். சைவப் பாடசாலையில் சைவர். இருபுறத்தாருக்கும் நன்கொடை வழங்கியதோ எல்லாச் சமயத்தவரும் செலுத்திய பொது வரிப்பணம். இரு வாசலிலும் சேராதோர் எங்கே செல்வர்? சிறு தொகையினரான முஸ்லிம்கள் எங்கே? சாதியின் பேரால் சைவப் பாடசாலையில் வாங்கிலும் மறுக்கப்பட்டோர் எங்கே? உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்று கல்வித் திணைக்களம் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் வற்புறுத்தியபோது சில பாடசாலைகள் தீக்கிரையான மண் இது. மாணவனின் ஆசனத்துக்கே அந்தப் பாடானால், ஆசிரியரின் கதிரைக்கு என்ன பாடு என்பதை ஊகிக்கலாம்.

1960இலும் 1961இலும் நிறைவேறிய சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. தென்னிலங்கையில் பௌத்தர்களின் நெடுநாட் கோரிக்கையே அதன் முதன்மை உந்துதல். கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தில் சில பெரிய கிறிஸ்தவக் கல்லூரிகள் தனியாராகவே நின்றன. ஏனைய மிஷன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் ஒன்றாகவே அரசின் கைக்குச் சென்றன. பாடசாலை மரபுகள் குலைந்தன, அரசியல் தலையீடு நுழைந்தது என்ற முறைப்பாடுகளில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மாற்றத்தின் ஒரு விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. அன்று முதல் பெரும்பாலான ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர் ஆயினர். ஆகவே, அரசியலமைப்பு அரசாங்கத்துக்கு இடும் கட்டளைகள் அவர்களையும் காக்கத் தொடங்கின.

அக்கட்டளைகள் எவை? 1947ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, எந்தச் சமயத்தவருக்கும் விசேட சலுகையோ விசேட தடையோ விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்றது. 1972ஆம் ஆண்டு யாப்பின் 18ஆம் பிரிவு, தகுதியுடைய பிரசை எவருக்கும் அரச, உள்ளூராட்சி, கூட்டுத்தாபன நியமனங்களில் இனம், சமயம், சாதி, பால் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்றது. அதே யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் வழங்கிற்று. 1978ஆம் ஆண்டு யாப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தையும், 12(2)ஆம் உறுப்புரை சமயம் உட்பட்ட காரணங்களால் பாரபட்சம் காட்டப்படாதிருக்கும் உரிமையையும் தருகின்றன. மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். மீறியது அரச நிருவாக நடவடிக்கையாகவும் இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையில்தான் இன்றைய இளைஞர்கள் இடறி விழுகிறார்கள். அண்மையில் எங்கள் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர், தனியார் நிறுவனமொன்றின் நேர்முகத் தேர்வில் கணக்கு வேலையைப் பற்றி இரண்டு கேள்விகளும், தாம் எந்தச் சபைக்குப் போகிறார், ஏன் மாறினார் என்பது பற்றி ஆறு கேள்விகளும் கேட்கப்பட்டதாக என்னிடம் சொன்னார். வேலை கிடைக்கவில்லை. “ஐயா, இதுக்கு எந்தச் சட்டத்திலை வழக்குப் போடலாம்?” என்று கேட்டார். வேலைக்கு ஆட்சேர்க்கும் கட்டத்தில் தனியார் முதலாளி சமயப் பாரபட்சம் காட்டுவதை நேரடியாகத் தடுக்கும் பொதுச் சட்டம் இலங்கையில் இல்லை என்பதே நான் சொல்ல முடிந்த விடை.

வேலையிலிருந்து விலக்கப்பட்டவருக்கு நிலைமை சற்று மேல். கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபையை நாடலாம். விலக்கியது நீதியும் நியாயமுமானதா என்று அச்சபை ஆராயும். மீண்டும் சேர்க்கவோ நட்டஈடு வழங்கவோ கட்டளையிடலாம். 15 பேருக்குக் குறையாத நிறுவனங்களில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே விலக்கற் கடிதத்தையும் நியமனக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். சமயத்தைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றைத் திகதியோடு குறித்து வையுங்கள். அரச ஊழியர்களாயின் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகம் உண்டு.

தொழிலிலும் வேலையிலும் பாரபட்சம் பற்றிய சர்வதேச தொழில் தாபனத்தின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது. அரச வேலை, தனியார் வேலை என்ற பேதம் அதில் இல்லை. ஒரு வேலையின் இயல்பே குறிப்பிட்ட தகைமையைக் கோருமாயின் அது பாரபட்சமாகாது என்றும் அது சொல்கிறது. கோவிற் குருக்கள் சைவராகவும் உபதேசியார் கிறிஸ்தவராகவும் மௌலவி முஸ்லிமாகவும் இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இராது. கணக்காளரும் காவலாளியும் கணித ஆசிரியரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஏற்றுக்கொண்ட இந்தச் சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்கித் தனியார் வாசலுக்கும் கொண்டுசெல்வதே எஞ்சியுள்ள வேலை.

அது முடியாத காரியமன்று. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பிளவுண்டு கிடந்த வட அயர்லாந்தில் 1976இலும் 1989இலும் இதற்கெனச் சட்டங்கள் வந்தன. பத்துப் பேருக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் ஊழியர்களின் சமயத் தொகையைக் கணக்கெடுத்து அறிவிக்க வேண்டியதாயிற்று. அங்கும் நீண்டகாலம் விதிவிலக்காக விடப்பட்டவர்கள் யார் தெரியுமா? பாடசாலை ஆசிரியர்கள்! 2022இல் நிறைவேறி 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டமே அந்த விலக்கை நீக்கிற்று. அமெரிக்காவிலோ 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தனியார் முதலாளிகளையும் கட்டுகிறது. ஊழியரின் சமய அனுட்டானத்துக்கு இடமளிக்க மறுப்பவர் அதனால் தமக்குக் கணிசமான சுமை ஏற்படும் என்று காட்ட வேண்டும் என 2023இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இவ்வளவும் எழுதியபின் திருகோணமலையைப் பற்றி எழுதாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். 2018இல் அங்குள்ள ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரலாகாது, சேலையே அணிய வேண்டும் என்ற எதிர்ப்பு எழுந்தது. ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு இணைக்கப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்களின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டு, அவர்கள் தமது உடையோடு பணியாற்ற இடமளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2022இல் ஆசிரியை ஒருவர் கடமையேற்கச் சென்றபோது மீண்டும் குழப்பம் மூண்டது. பாடசாலையின் மரபைக் காக்கிறோம் என்று எம்மவர் பலர் வாதிட்டனர். அந்தக் கவலையை நான் பரிகசிக்கவில்லை. ஒரு சிறுபான்மை தன் அடையாளத்தைப் பேணிய பாடசாலைகளின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் “எங்கள் பாடசாலை, எங்கள் மரபு, விருப்பமில்லாதவர் வேறிடம் போகலாம்” என்ற அந்த நியாயம் புதியதன்று. நீறணிந்த நெற்றியோடு வேலை கேட்டு வந்த சைவ வாலிபனிடம் மிஷன் முகாமையாளர் சொன்ன நியாயமும் இதுவே. அன்று அது அநீதி என்றால் இன்றும் அது அநீதிதான்.

பாதுகாப்பு என்பது சமூகத்துக்குச் சமூகம் பிரித்துக் கொடுக்கும் பங்கு அன்று. பங்காகக் கொடுத்தால் வலியவர் வாசல்கள் பெருகும், அவ்வளவே. ஒல்லாந்தர் காலத்துக் கத்தோலிக்கன், மிஷன் காலத்துச் சைவன், சைவ வாசலில் நின்ற ஒடுக்கப்பட்டவன், இன்றைய முஸ்லிம் ஆசிரியை, சபை மாறிய எங்கள் ஊர் இளைஞன் ஆகிய அனைவருக்கும் பொதுவான ஒன்று, அந்தந்தக் கணத்தில் தனி ஆளாக நிற்பதே. தனி ஆளுக்காகவே சட்டம் எழுதப்பட வேண்டும்.

1960க்கு முற்பட்ட பாடசாலை நியமனக் கடிதங்கள், முகாமையாளர்களின் கடிதங்கள் முதலியன வாசகர் எவரது வீட்டிலாவது இருக்குமாயின், அவை மிஷன் பாடசாலையுடையவையாயினும் சைவப் பாடசாலையுடையவையாயினும், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பிரதியொன்றை எனக்கு அறியத் தந்தால் உபகாரமாயிருக்கும். யுத்தத்தில் எரிந்தவை போக எஞ்சிய சான்றுகள் மிகச் சில. எந்த நிபந்தனையோடு நம் பாட்டன்மார் சம்பளம் வாங்கினார்கள் என்பது அக்கடிதங்களில்தான் இருக்கிறது.